அழுகைக் கோச்சியில் வந்தவர்கள்

கே: என் மகனுக்குத் தென் சூடானில், ஒரு மூலையூரில் வேலை கிடைத்திருக்கிறது. சண்டை நடக்கும் பகுதி என்கிறார்கள். அனுப்பலாமா?
— ஒரு தாய், வத்தலக்குண்டு

ப: முடிவு உங்கள் வீட்டுக்குள் எடுக்க வேண்டியதம்மா. போவதென்றால், இறங்கியதும் தலைநகர் ஜூபாவிலுள்ள நம் தூதரகத்தில் பெயரைப் பதியச் சொல்லுங்கள். 2016 ஜூலையில் அங்கே சண்டை மூண்டபோது நம் விமானப்படை சி-17 விமானங்களை அனுப்பி நம்மவர்களைக் கொண்டுவந்தது. யார் எங்கே இருக்கிறார் என்று தூதரகத்துக்குத் தெரிந்தால்தானே தேட முடியும்? பாஸ்போர்ட்டை முதலாளி கேட்டாலும் கொடுத்துவைக்க வேண்டாம். ஜூபா அரபியில் பத்து வார்த்தையாவது முதல் வாரமே பழகட்டும். ஆபத்து நேரத்தில் கதவைத் திறப்பது பக்கத்து வீட்டுக்காரர்தான்.

கே: கொடைக்கானலில் முதலில் வீடு கட்டிய வெளிநாட்டவர் யார்?
— மாணவர், பழனி

ப: அமெரிக்கப் பாதிரிமார். 1834-ல் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனிலிருந்து மதுரைக்கு வந்தவர்கள். காய்ச்சலும் காலராவும் பிள்ளைகளையும் பெரியவர்களையும் வாரிக்கொண்டு போக, சிறுமலையில் ஒதுங்கிப் பார்த்தார்கள். காய்ச்சல் அங்கும் விடவில்லை. 1845-ல் கொடைக்கு ஏறி சன்னிசைடு, ஷெல்டன் என்று இரண்டு வீடு கட்டினார்கள். வண்டிச் சாலை இல்லாத காலம். சாமான் அத்தனையும் நம்மாட்கள் தலையில்தான் மலையேறியது.

கே: அதற்குமுன் மலையில் ஆளே இல்லையாமே?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

ப: பளியர்களும் புலையர்களும் யாராம்? பூம்பாறையிலும் மன்னவனூரிலும் படிப்படியாக வயல் வெட்டியவர்கள் யாராம்?

கே: எங்கள் ஊரில் சில குடும்பங்களைச் 'சிலோன்காரங்க' என்கிறார்கள். அவர்கள் அகதிகளா?
— மாணவி, பண்ணைக்காடு

ப: இல்லை மகளே. 1983-க்குப் பிறகு போருக்குத் தப்பிப் படகேறி வந்தவர்கள் அகதிகள். இவர்கள் அதற்கு முன்பே, இந்தியக் குடிமக்களாக, கப்பலேறி வந்தவர்கள். இவர்களுடைய பாட்டன் பூட்டன் நம் மாவட்டங்களிலிருந்து இலங்கையின் கண்டிச் சீமைக்குத் தோட்ட வேலைக்குப் போனார்கள். 1948-ல் இலங்கை கொண்டுவந்த குடியுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964 அக்டோபர் 30-ல் நம் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உடன்படிக்கை போட்டார்கள்: 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரைப் பத்து வருடம் காக்கவைத்து, 1974-ல் பாதிப் பாதியாகப் பிரித்தார்கள். ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், அண்ணன் இந்தியாவுக்கு, தம்பி இலங்கைக்கு என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. தலைமன்னாருக்கு அவர்களை ஏற்றிப்போன ரயிலுக்கு மலையகத்தார் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'.

ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம். பலருக்குக் கையில் வியாபாரக் கடன் 5,000 ரூபாய். தேயிலைக் கொழுந்து கிள்ளிப் பழகிய கை கடை வைத்து எப்படிப் பிழைக்கும்? பழகிய குளிரையும் பழகிய வேலையையும் தேடி மலையேறினார்கள். நீலகிரிக்குப் போனவர்களில் பலருக்கு, 1968-ல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. கொடைக்கு வந்தவர்களில் பலர் வாட்டில் மரத்துப் பட்டை உரிக்கப் போனார்கள். தோல் பதனிட அந்தப் பட்டை வேண்டும். ஒப்பந்தக்காரர் கொடுத்த முன்பணம் கழியவே இல்லை. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் இவர்களில் பலர் காட்டுக்குள் கொத்தடிமையாகக் கிடந்தார்கள். இலங்கையில் 'கள்ளத்தோணி' என்று ஏசப்பட்டவர்களை இங்கே 'சிலோன்காரன்' என்று ஒதுக்கினோம். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கே: அமெரிக்கர் வந்ததும் இலங்கை வழி, இவர்கள் வந்ததும் இலங்கை வழி. ஒருவருக்குப் பங்களா, ஒருவருக்குக் குடிசை. ஏன்?
— வாசகர், பெரியகுளம்

ப: பாதிரிமாருக்குப் பின்னால் ஒரு மிஷன் இருந்தது, மாதாமாதம் சம்பளம் வந்தது, வெள்ளைக்கார கலெக்டர் அவர்கள் சொல்லைக் கேட்டார். பட்டை உரித்தவருக்குப் பின்னால் கடன்காரர் மட்டும் நின்றார்.

கே: வாட்டில் நம் மரம்தானே?
— விவசாயி, தாண்டிக்குடி

ப: ஆஸ்திரேலிய மரம். நட்டதோ நாம். இப்போது மேல்மலைப் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது. தென்னாப்பிரிக்காவும் இதே மரத்தோடுதான் மல்லுக்கட்டுகிறது.

கே: காலமான அப்பாவின் பெட்டியில், இந்தியா திரும்புகிறவர்களுக்குக் கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை இருக்கிறது. இனி அது எதற்கு?
— வாசகி, கொடைக்கானல்

ப: தூக்கிப் போட்டுவிடாதீர்கள்! சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் நிற்கப்போகும் உங்கள் பிள்ளையிடம், 'நீ எந்த ஊர்?' என்று கேட்பார்கள். அப்போது காட்ட இந்த அட்டை இருக்கட்டும். உறையில் போடுங்கள், நாலு நகல் எடுங்கள். அம்மா இருக்கிறார்களா? அந்தத் தோட்டத்தின் பெயர், லயத்தில் எத்தனையாவது வீடு, ஸ்டேஷனில் விட்டுவந்தது யார் யாரை என்று கேட்டு, ஒரு நோட்டில் இன்றைக்கே எழுதிவிடுங்கள்.