கிராமுக்கு எவ்வளவு?

சூப்பர் மார்க்கெட்டில் பருப்பு வரிசைக்குக் குறுக்கே வண்டியை நிறுத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பாக்கெட்டின் முதுகை வில்லங்கச் சான்றிதழ்போல வாசித்துக்கொண்டிருப்பாரே ஒருவர், அவரைப் பார்த்திருப்பீர்கள். மடிப்பாக்கத்தில் இருக்கிறார், மதுரை அண்ணா நகரிலும் இருக்கிறார். அரசு அலுவலகத்தில் முப்பது வருடம் கணக்குப் பார்த்து ஓய்வு பெற்றவர். கடைப் பையன்கள் அவருக்கு வைத்த பெயர் ‘கிராம் சார்’.

பெயருக்குக் காரணம் உண்டு. பாக்கெட்டில் மொத்த விலையோடு அலகு விலையும் அச்சிட வேண்டும் என்று எடையளவு விதிகளில் திருத்தம் வந்தது. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலம் என்றால் கிராமுக்கு இவ்வளவு, கூடினால் கிலோவுக்கு இவ்வளவு என்று போட்டாக வேண்டும். எறும்பு அளவு எழுத்தில் இருக்கும் அந்த வரி நாட்டில் யாருக்குப் பயன்பட்டதோ, கிராம் சாருக்குப் பயன்பட்டது. ஐந்து ரூபாய் பிஸ்கட் விலை ஏறாமல் எடை மட்டும் இளைத்துக்கொண்டே வந்ததைத் தெருவில் முதலில் கண்டுபிடித்தவர் அவர்தான்.

அவரும் ஒரு காலத்தில் பிராண்டு பக்தர். 2009-ல் ஆறாவது ஊதியக்குழு அரியர் கைக்கு வந்தபோது, அண்ணாச்சி கடைச் சில்லறைச் சாமான்கள் வெளியேறி, டிவியில் ஆடிப்பாடிய சாமான்களெல்லாம் வீட்டுக்குள் வலதுகால் வைத்தன. சம்பளம் ஓய்வூதியமானதும் வந்த வழியே ஒவ்வொன்றாக வெளியேறின. அதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் கழிவறை கழுவும் திரவம். அதன் தராதரத்தை யார் விசாரிக்கப்போகிறார்கள்? பிறகு பாத்திர சோப்பு, துணிப் பவுடர். அப்புறம் ரவை, துவரம் பருப்பு, அப்பளம். இவற்றின் இடத்தில் கடையின் சொந்தப் பெயர் தாங்கிய பாக்கெட்டுகள் வந்து உட்கார்ந்தன. பாலும் தப்பவில்லை. 2022 நவம்பரில் ஆவின் ஆரஞ்சுப் பாக்கெட், பால் அட்டை இல்லாதவர்களுக்கு லிட்டர் 48 ரூபாயிலிருந்து 60 ஆனபோது வீடு பச்சைக்கு இறங்கியது. “டாக்டரே கொழுப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கார்” என்று அதற்கு மருத்துவக் காரணம் காட்டப்பட்டது.

துணிப் பவுடர் மாறிய அன்று மட்டும் வீட்டில் எதிர்ப்புக் கிளம்பியது. கிராம் சார் சரித்திரத்தைத் துணைக்கு அழைத்தார். 1969-ல் அகமதாபாத்தில் கர்சன்பாய் படேல் வீட்டிலேயே நிர்மா பவுடர் தயாரித்து, சைக்கிளில் வைத்து விற்ற கதை அது. பெரிய கம்பெனிச் சரக்கு கிலோ 13 ரூபாய் விற்றபோது நிர்மா மூன்று ரூபாய்க்குக் கிடைத்தது. அதன் போட்டி தாங்காமல்தான் சர்ஃப் விளம்பரத்தில் லலிதாஜி வந்து, மலிவான பொருள் வேறு, நல்ல பொருள் வேறு என்று நாட்டுக்கே பாடம் எடுத்தார். “லலிதாஜியா துணி துவைக்கறா? நான்தானே துவைக்கறேன்” என்றார் மனைவி. மறு வாரம் பழைய பிராண்டின் வாளிக்குள் புதுப் பவுடர் இருந்தது. இரண்டு துவையலுக்குப் பிறகு, “பாத்தீங்களா, நம்ம பவுடர் மாதிரி வருமா?” என்று அம்மையார் சொன்னதைக் கிராம் சார் இன்றுவரை யாரிடமும் திருத்தவில்லை.

விலை குறைந்தால் தரமும் குறையுமே என்று அவரிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் இரண்டு பாக்கெட்டுகளை அருகருகே பிடித்து, உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் 14 இலக்க எண்ணை உரக்கப் படிப்பார். கடைகள் தம் பெயரில் விற்பதில் பெரும்பாலானவற்றைத் தாமே தயாரிப்பதில்லை. வேறு ஆலைகளில் செய்து வாங்குகின்றன. தயாரித்தவர் எண் இரண்டிலும் ஒன்றாக இருந்துவிட்டால் அவருக்கு அன்று தீபாவளி. “ஒரே அடுப்பு சார்! சட்டை மட்டும்தான் வேற!” ஒரே ஆலையிலும் ஆளுக்கொரு பக்குவம் இருக்கலாம் என்பதை அந்த உற்சாகத்தில் மறந்துவிடுவார்.

ஷாம்புவில் அவருடையது தனிப் பிரிவு. கடலூர் சின்னி கிருஷ்ணன் சாஷேயில் சரக்கு விற்ற மண் இது என்ற பெருமையோடு, பாட்டிலைத் தொடாமல் சரம் சரமாக வாங்குவார். மற்ற பொருள்களில் பெரிய பொட்டலம்தான் மலிவு. ஷாம்புவில் பல நேரம் சாஷேதான் மலிவு. குளியலறைக் கம்பியில் மாலைபோலத் தொங்கும் அந்தச் சரங்களைப் பார்த்து, வந்த விருந்தாளி ஒருவர் பெட்டிக்கடை வைத்திருக்கிறீர்களா என்று கேட்டதுண்டு.

வீரசாகசமும் உண்டு. 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரையிலான லேபிள் ஒட்டிய அரிசி மூட்டைக்கு 5 சதவீத ஜிஎஸ்டி வந்தது. அதற்குமேல் எடை இருந்தால் வரி இல்லை. வியாபாரிகள் உடனே 26 கிலோ மூட்டை தைத்தார்கள். கிராம் சார் அதை டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஏற்றி வந்து, இரண்டு மாடிக்குத் தானே தூக்கினார். அந்த ஒற்றைக் கிலோ வரியைத் தாண்டியது. அவர் இடுப்பைத் தாண்டவில்லை. பிசியோதெரபிக்கு ஆன செலவு நோட்டுப் புத்தகத்தில் ‘இதர’ என்ற தலைப்பில் இருக்கிறது.

இத்தனை சீர்திருத்தத்திலும் தப்பியவை மூன்று: காபிப் பொடி, பெருங்காயம், மாப்பிள்ளை வந்தால் எடுக்கும் பிஸ்கட் டப்பா. முதல் இரண்டில் அவர் நாக்கு சம்மதிக்கவில்லை. மூன்றாவதில் கௌரவம் சம்மதிக்கவில்லை.

மத்திய அரசின் 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பைப் பேப்பரில் படித்த அன்று அவர் வெகுநேரம் பேசவில்லை. தமிழ்நாட்டு நகரங்களில் மாதம் தலைக்கு 7,630 ரூபாய் செலவு என்று இருந்தது. தம் நோட்டைப் புரட்டினார். நாலு பேர் வீட்டுக்கு அந்தக் கணக்கில் 30,520. இவர் அதைத் தாண்டியிருந்தார். இவ்வளவு சுருக்கியும் எங்கே ஒழுகுகிறது? விடையும் அதே செய்தியில் இருந்தது. நாடு முழுக்க நகர வீடுகளில் தானியத்துக்கு ஆவதைப்போல இரண்டு மடங்குக்கு மேல், மொத்தச் செலவில் 10.64 சதவீதம், பானங்களுக்கும் தயார் உணவுக்கும் போகிறது. தலை நிமிர்ந்தபோது, பேரன் செல்போனில் பரோட்டாவுக்கு ஆர்டர் போட்டுக்கொண்டிருந்தான். பருப்பில் மிச்சம் பிடித்த பதினெட்டு ரூபாய், டெலிவரிக் கட்டணத்துக்கே காணவில்லை.

ஆகவே, அடுத்த முறை பருப்பு வரிசையில் அவர் வழிமறித்தால் கோபப்படாதீர்கள். உளுந்தில் எது மலிவு என்று கேட்டுப் பாருங்கள். கால் மணி நேரமாகும். ஆனால் சரியாகச் சொல்வார். அரிசி மூட்டையைத் தூக்கச் சொன்னால் மட்டும் நழுவிவிடுங்கள்.