நாலாம் வருசக்காரி

பரீட்சையில் விழாமல் ஒரு வருடம் கூடுதலாகப் படிக்கிறவளை எங்கள் ஊருக்கு விளங்கப்படுத்தவே முடியாது. கலைப் பட்டத்தில் இரண்டு வழி. ஜெனரல் என்றால் மூன்று வருடம், 90 கிரெடிட். ஸ்பெஷல் என்றால் நான்கு வருடம், 120 கிரெடிட், முடிவில் ஓர் ஆய்வேடு. ஸ்பெஷலுக்குப் புள்ளி பார்த்துத்தான் எடுப்பார்கள். புவியியலில் எனக்கு அந்த இடம் கிடைத்த செய்தி, வந்தாறுமூலைக் கெம்பஸ் வாசலில் பஸ் ஏறி, சித்தாண்டி, சந்திவெளி, கிரான் என்று நின்று நின்று வந்து பாசிக்குடாவில் இறங்கியபோது, "புள்ள ஒரு பாடத்தில விழுந்திட்டுதாம், மறுகாவும் ஒரு வருசம் போகவேணுமாம்" என்று ஆகியிருந்தது.

அடுத்த வீட்டு மாமி ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நோயாளி பார்க்க வருவதுபோல் வந்தார். "யோசிக்காத புள்ள, எங்கட பெரியவனும் ஓஎல் ரெண்டு தரம் எடுத்தவன்தானே" என்றார். ஸ்பெஷல் கெட்டிக்காரருக்குக் கொடுப்பது என்று அம்மா விளக்கினார்.

"கெட்டிக்காரர் எண்டா கெதியா முடிப்பாங்கதானே?"

இந்தத் தர்க்கத்தில் எனக்கு இன்றுவரை ஓட்டை அகப்படவில்லை. மாமியிடம் கண்கண்ட சாட்சியும் இருந்தது. ஜெனரல் முடித்த அவருடைய மருமகள், 2020இல் அரசாங்கம் பட்டதாரிகளை மொத்தமாக எடுத்தபோது 20,000 ரூபா கொடுப்பனவுக்குப் பயிலுனராகச் சேர்ந்து, இப்போது பிரதேச செயலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இருக்கிறாள். அதற்கு முன், 2017இல், மட்டக்களப்பு காந்திப் பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்ததையும் ஊர் மறக்கவில்லை. பட்டம் மூன்று வருடமா நாலு வருடமா என்று அந்தப் பந்தலில் யாரும் பாய் பிரித்துப் போட்டதாகத் தெரியவில்லை.

நான் விபுலானந்த அடிகளைத் துணைக்கு அழைத்தேன். காரைதீவில் பிறந்தவர், எங்கள் பக்கத்து ஆய்வாளர்களுக்கெல்லாம் பிதாமகர். யாழ் நூலுக்காகக் கிட்டத்தட்ட 14 வருடம் உழைத்தார். 1947 ஜூனில் நூல் அரங்கேறியது, அடுத்த மாதமே அடிகள் காலமானார். 14 வருடத்தோடு பார்த்தால் ஒரு வருடம் எம்மாத்திரம் என்பது என் வாதம். அம்மா கதையின் கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, "நீ ராவில நேரத்துக்குப் படு" என்றார்.

ஆய்வுத் தலைப்பு வீட்டு வாசலிலேயே கிடந்தது. பாசிக்குடாவின் சுற்றுலா வளர்ச்சியும் கரையோர மீனவர் வாழ்வும். யுத்தம் முடிந்த கையோடு இங்கே விடுதிகள் முளைத்தன. அந்த மாற்றத்தைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனால் ஆய்வுலகில் கண்ணுக்கு மதிப்பில்லை. "பாசிக்குடாக் கடல் ஆழம் குறைந்தது, வெகுதூரம் நடந்தே போகலாம்" என்று முதல் அத்தியாயத்தில் எழுதினேன். பக்கத்தில் சிவப்பு மையில் "ஆதாரம்?" என்று வந்தது. நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து அதில்தான் நிற்கிறேன், தண்ணீர் இடுப்பைத் தாண்ட எவ்வளவு தூரம் போகவேண்டும் என்று என் கால்களுக்குத் தெரியும். கால்களை உசாத்துணைப் பட்டியலில் போட முடியாது. கடைசியில், சுற்றுலாப் பயணிகளுக்காக யாரோ ஒரு வெளிநாட்டார் எழுதிய வழிகாட்டிப் புத்தகம் என் ஊர்க் கடலுக்குச் சாட்சி சொன்னது.

அடுத்தது எழுமாற்று மாதிரி. ஐந்து வீட்டுக்கு ஒரு வீடு என்று எடுத்து வினாக்கொத்துக் கொடுக்கவேண்டும். புள்ளிவிபரவியல் எழுதிய மகான்கள் சொந்தக்காரர் நிறைந்த ஊரில் வாழ்ந்திருக்கமாட்டார்கள். மூன்றாவது வீட்டுப் பெரியம்மா படலையில் மறித்தார். "அவளிட்டக் கேட்டிருக்காய், எங்களிட்ட ஏன் கேக்கல்ல? நாங்க ஆக்களில்லையா? போன கலியாணத்துக்குச் சொல்லாம விட்டதையா மனசில வெச்சிருக்காய்?" எழுமாற்று என்றால் என்ன என்று கலியாணப் பகைக்கு நடுவில் எப்படி விளக்குவது? அன்றிலிருந்து இரண்டு கட்டு வினாக்கொத்துக் கொண்டுபோனேன். ஒன்று ஆய்வுக்கு, மற்றது குடும்ப ஒற்றுமைக்கு.

பதில் சொல்வதில் எங்கள் ஊரார் என்னைவிட அனுபவசாலிகள். சுனாமி, யுத்தம், மீள்குடியேற்றம் என்று எத்தனையோ படிவம் பார்த்தவர்கள். தாளைக் கண்டதும் "வீட்டுத் திட்டமா? நிவாரணமா?" என்றுதான் முதல் கேள்வி வரும். ரெண்டுமில்லை, என் படிப்புக்கு என்றால் முகம் சுருங்கும், மறுகா இரக்கத்தோடு கதிரை வரும், தேத்தண்ணி வரும். ஒரு கிழவி நேரடியாகவே சொன்னார்: "சுனாமிக்குப் பிறகு ஒரு வெள்ளைக்காரி இதையேதான் கேட்டவ. அவவுக்குச் சொன்னத எடுத்து எழுதிக்கொள் மனே." உலகத் தரத்தில் ஓர் இலக்கிய மீளாய்வு இதுதான்.

வலை பொத்திக்கொண்டிருந்த சித்தப்பாவிடம் பத்தாம் கேள்வியை வாசித்தேன். சுற்றுலாவினால் உங்கள் வாழ்க்கைத் தரம் உயர்ந்துள்ளது: முழுமையாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை, உடன்படவில்லை, முற்றாக உடன்படவில்லை. ஊசியை வைத்துவிட்டு யோசித்தார். "மீனுக்கு விலை கூடினது சரி. நாங்க தோணி இழுத்து விட்ட கரையில சாய்மனைக் கதிரை போட்டிருக்கான், அது சரியில்ல. ஆனா எங்கட மகன் அந்தக் கதிரைய அடுக்கித்தான் சம்பளம் எடுக்கான். இதில எந்தப் பெட்டிக்குள்ள புள்ளடி போட?" நடுநிலையில் போட்டேன். கணினியில் சித்தப்பா 3 என்ற இலக்கமானார்.

எழுத உட்கார்ந்தது 2022இல். மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. விடுதிகளில் மட்டும் ஜெனரேட்டர் ஓடும். கதிரை அடுக்கும் தம்பி என் லப்டொப்பைக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவான். உள்ளூர் மக்களுக்குச் சுற்றுலா தரும் நன்மைகள் என்ற அத்தியாயம் அப்படித்தான் முடிந்தது. அந்த நன்மையைப் பட்டியலில் சேர்க்க அனுமதி கிடைக்கவில்லை. மறுபடியும் ஆதாரம்.

பிறகு கடதாசி. அந்த மார்ச்சில்தான் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. எங்கள் பக்கத்தில் இருப்பதோ வாழைச்சேனைக் கடதாசி ஆலை. 1956இல் தொடங்கி, வைக்கோலிலிருந்து கடதாசி செய்து நாட்டுக்குக் கொடுத்த ஆலை. யுத்தத்துக்குப் பிறகு அது பழைய நிலைக்குத் திரும்பவேயில்லை. அதைத் தாண்டிப் பஸ்ஸில் போய், செங்கலடியிலும் மட்டக்களப்பிலும் கடை கடையாக ஏறி, தாளுக்கு விலை கேட்டுக் கேட்டு ஆய்வேட்டை அச்சடித்தேன். கன்னங்கரா 1945இல் கல்வியை இலவசமாக்கினார், கடதாசியைச் சேர்க்க மறந்துவிட்டார்.

வைவாவில் ஒரே கேள்விதான் நினைவில் நிற்கிறது: நடுநிலை ஏன் இத்தனை பேர்? சித்தப்பா சொன்னதை அப்படியே சொன்னேன். மேசைக்கு அந்தப் பக்கம் சிரிப்பு. "நல்லாயிருக்கே, இதை ஏன் எழுதவில்லை?" என்றார்கள். ஆதாரம் கேட்பீர்கள் என்று பயந்துதான் என்றேன்.

முடிவு வந்தது. ஜிபிஏ 3.4. "நூத்துக்கா?" என்று மாமி பதறினார். நாலுக்கு என்றதும் கொஞ்சம் ஆறினார். இரண்டாம் வகுப்பு மேல்நிலை என்றதற்கு, "ரெண்டாம் பிள்ளையா வந்திருக்கா, பரவாயில்ல" என்று ஊருக்கே அறிவித்தார். நானும் திருத்தவில்லை. முழுக் கெம்பஸிலும் ரெண்டாம் பிள்ளை என்ற பெயர் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

இனிப் பாசிக்குடாவுக்கு ஆய்வுக்கு வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீடு தவறாமல் எல்லாரிடமும் கேளுங்கள், எழுமாற்றை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். தேத்தண்ணியை மறுக்காதீர்கள். ஆய்வேட்டில் ஒரு பிரதியைக் கூடுதலாகக் கட்டி எங்களுக்கே திருப்பித் தாருங்கள். பேத்தாழைப் பொது நூலகம் பக்கத்தில்தான் இருக்கிறது.