மூன்றாம் அறிவு

உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் வகுத்த தொல்காப்பியர் மெய்க்கும் நாவுக்கும் அடுத்து மூக்கை வைத்தார். கண்ணும் செவியும் அதற்குப் பின்புதான். எறும்பும் கறையானும் அவர் கணக்கில் மூவறிவு உயிர்கள். கொரோனா, பலருடைய நுரையீரலைத் தொடாமலே அந்த மூன்றாம் அறிவை மட்டும் எடுத்துக்கொண்டு போனது. உயிர் பிழைத்தோமே, வாசனை போனால் போகட்டும் என்று நாமும் விட்டுவிட்டோம். அப்படி விடத்தக்கது அன்று என்பதே இக்கட்டுரையின் துணிபு.

அறிகுறி: சளி பிடித்தால் மூக்கடைத்து மணம் தெரியாமல் போவது எல்லோரும் அறிந்ததே. இது வேறு. மூச்சு தாராளமாகப் போய்வரும். மணம் மட்டும் ஒரே நாளில் அற்றுப்போகும். காய்ச்சலோ இருமலோ இல்லாதவர்களுக்கும் இது வந்தது. மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜூன் 13 அன்று இதை நோயின் அறிகுறிகளில் ஒன்றாகச் சேர்த்தது.

இடம்: மூக்கின் கூரையில் தபால்தலை அளவில் ஒரு மெல்லிய சவ்வு. மணம் அறியும் நரம்பணுக்கள் அங்கேதான் இருக்கின்றன. மனிதருக்குள்ள மண ஏற்பிகள் ஏறத்தாழ 400 வகை. இத்தகைய ஏற்பிகளைக் கண்டறிந்த ரிச்சர்ட் ஆக்செலும் லிண்டா பக்கும் 2004-இல் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஏது: வைரஸ் இந்த நரம்பணுக்களையே அழிக்கிறதோ என்ற அச்சம் முதலில் இருந்தது. 2020-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் தெளிவு தந்தார்கள். வைரஸுக்கு வாசலாகும் ஏசிஇ2 புரதம் அந்த நரம்பணுக்களில் இல்லை; அவற்றைத் தாங்கிப் பேணும் துணைச் செல்களில்தான் இருக்கிறது. கொழுகொம்பு சாய்ந்தது, கொடி வாடியது. மண நரம்பணுக்கள் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைப்பவை. ஆகவே பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் மணம் மீண்டது. சிலருக்கு மாதங்கள் ஆயின, சிலருக்கு ஆண்டுகள்.

இழப்பு: இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, உமாமி. நாக்கு தானாக அறிவது இவ்வளவே. காரம் என்பது நரம்பு உணரும் எரிச்சல். உணவில் நாம் ருசி என்று கொண்டாடும் மிச்சமெல்லாம் மூக்கின் கொடை. 2021 மே மாதம் தொற்றிலிருந்து எழுந்த என் அக்கா, பெருங்காயமும் கறிவேப்பிலையும் தாளித்த ரசத்தை ஒரு வாய் குடித்துவிட்டுத் தம்ளரைக் கீழே வைத்தாள். "புளிக்குது, உறைக்குது. ஆனா இது ரசம் இல்லடா." மறுநாள் பால் அடிபிடித்துக் கருகும்போது அடுப்பின் பக்கத்தில்தான் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பின்கட்டிலிருந்து ஓடிவந்து நான் அணைத்தேன்.

சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் மணமில்லை. கசிந்தால் தெரியவேண்டும் என்று எத்தில் மெர்காப்டான் என்ற கந்தகச் சேர்மத்தைக் கலக்கிறார்கள். அந்தக் காவல் முழுவதும் மூக்கை நம்பியது. மணம் இழந்தவர் தனியாக இருக்கும் வீட்டில் காவலே இல்லை.

திரிபு: மணம் மீளும் வழியில் இன்னொரு துன்பம் உண்டு. புதிதாக முளைத்த நரம்புகள் செய்தியை அரைகுறையாகக் கொண்டுசேர்ப்பதால் மணம் உருத்திரிந்து தெரிகிறது. காபி, வெங்காயம், பூண்டு, வறுத்த இறைச்சி எல்லாம் அழுகலாகவோ கருகலாகவோ வீசும். காபியின் மணத்துக்கே அடிப்படையான கந்தக மூலக்கூறு ஒன்று இத்திரிபைத் தூண்டுவதில் முன்னிற்கிறது என்று இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் காட்டினார்கள். தமிழில் நாற்றம் என்ற சொல் நறுமணத்திலிருந்து துர்நாற்றத்துக்கு இறங்கப் பல நூற்றாண்டுகள் ஆயின. அக்காவின் காபி அந்தத் தூரத்தை மூன்றே மாதத்தில் கடந்தது. காலையில் டிகாக்ஷன் இறங்கும் நேரம் அவள் மாடிக்குப் போய்விடுவாள்.

பரிகாரம்: ஜெர்மனியின் டிரெஸ்டனில் தாமஸ் ஹும்மல் குழு 2009-இல், கொரோனாவுக்கு வெகுமுன்பே, ஒரு பயிற்சியை வெளியிட்டது. ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில விநாடிகள், அது எப்படி மணக்கும் என்று நினைவில் கொண்டுவந்தபடி முகரவேண்டும். 12 வாரம் விடாமல் செய்யவேண்டும். செலவில்லை, பக்கவிளைவும் அரிது. எல்லோருக்கும் பலிக்கும் என்ற உறுதி இல்லை. ஆனாலும் செய்யாதவர்களைவிடச் செய்தவர்களுக்கு மேம்பாடு கூடுதலாகத் தெரிந்தது. நான்காவது புட்டி நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கிறது: நீலகிரித் தைலம்.

அக்கா நான்கு சிறு டப்பாக்களை ஜன்னலோரம் வரிசையாக வைத்தாள். வெறும் காற்றை முகர்வது போலத்தான் பல வாரம் இருந்தது. தை மாதத்தில் ஒரு மத்தியானம் வாசலுக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். "பக்கத்து வீட்டுல கருவாடு வறுக்கிறாங்கடா" என்றாள். எப்போதும் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்துகிறவள் அன்று பொத்தவில்லை. வறுத்து முடியும்வரை வாசலிலேயே நின்றாள்.