நாலு பேர் பார்த்துவிட்டுப் போன பெண்

ஒரு காலத்தில் நம் ஊர்களில் இப்படி நடக்கும். பெண் பார்க்க வருவார்கள். சொஜ்ஜி, பஜ்ஜி தின்பார்கள். “ஊருக்குப் போய்க் கடுதாசி போடுகிறோம்” என்று ஏப்பம் விட்டபடி எழுந்து போவார்கள். கடுதாசி வராது. இப்படி நாலு பேர் வந்துபோனால் தெருவில் பேச்சு கிளம்பும்: “நாலு இடம் தட்டிப்போச்சுன்னா பொண்ணுகிட்டதான் ஏதோ கோளாறு.” தின்றவன்மேல் ஒரு சொல் விழாது. தட்டு ஏந்தி நின்றவள் தலையில்தான் எல்லாம்.

அந்தத் திண்ணைப் பேச்சுக்கு ஒரு கணினி வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். அதன் பெயர் சிபில்.

கடனை ஒழுங்காகக் கட்டுகிற லட்சணத்துக்கு 300-இலிருந்து 900 வரை மதிப்பெண். 750-ஐத் தாண்டியவரைக் கண்டால் வங்கியில் நாற்காலி இழுத்துப் போடுவார்கள். நாம் கடன் கேட்டு விண்ணப்பித்ததும் வங்கி நம் ஜாதகத்தை, அதாவது கடன் அறிக்கையை, வரவழைத்துப் பார்க்கிறது. அதற்கு ‘ஹார்டு என்கொயரி’ என்று பெயர். பார்ப்பது அவர்கள், மதிப்பெண் குறைவது நமக்கு. நம்முடையதை நாமே எடுத்துப் பார்த்தால் மட்டும் குறையாதாம். கண்ணாடி பார்த்ததற்கு அபராதம் போடாத அந்தக் கருணையை என்னென்பது!

“ஒரு தடவைக்குச் சில புள்ளிதான் சார், மாசம் போகப்போகச் சரியாயிடும்” என்பார்கள். உண்மைதான். தவணை தவறுவது பாம்புக்கடி என்றால் இது கொசுக்கடி. ஆனால் ஒரே மாதத்தில் ஐந்தாறு கொசு கடித்துவிட்டால் ‘கடனுக்குப் பறக்கிறவன்’ என்று முத்திரை விழும். கடியின் வீக்கம் வடிந்த பிறகும், கடித்த கொசுவின் பெயரும் தேதியும் இரண்டு ஆண்டுக்குக் குறையாமல் அறிக்கையில் உட்கார்ந்திருக்கும். பணத்துக்குப் பறக்காதவன் எதற்கையா வங்கிப் படியேறுகிறான்? குளிர்சாதனத்தில் காற்று வாங்கவா?

போன வருடம் ஒரு ஸ்கூட்டர் வாங்கப் போனேன். ஃபைனான்ஸ் மேசையில் இருந்த தம்பி, “பான் நம்பர் சொல்லுங்க சார், ஓடிபி சொல்லுங்க சார்” என்றார். சொன்னேன். நான் கேட்டது ஒரு கடன். அவர் என் ஜாதகத்தை நாலு கம்பெனிக்கு அனுப்பிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். “எது முதல்ல ஓகே ஆகுதோ அதை எடுத்துக்கலாம் சார்.” கைப்பேசியில் வரிசையாக நாலு குறுஞ்செய்தி. அறிக்கையை யாராவது எடுத்தால் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023-இல் போட்ட உத்தரவின் பயன். நல்ல உத்தரவு. திருடன் கொல்லை தாண்டிய பிறகாவது நாய் குரைக்கிறதே! இரண்டு மாதம் கழித்து வேறொரு கடனுக்குப் போனால் அங்கிருந்தவர் உதட்டைப் பிதுக்கினார்: “சமீபத்துல நிறைய என்கொயரி இருக்கே சார்...”

கோயம்பேட்டில் நாலு கடை ஏறி விலை கேட்டுக் கத்தரிக்காய் வாங்கினால் கெட்டிக்காரன். நாலு வங்கியில் வட்டி கேட்டு விண்ணப்பித்தால் சந்தேகப் பேர்வழி. அமெரிக்காவில் இதே வித்தையைத் தொடங்கிவைத்த ஃபைகோகூட, வீட்டுக் கடனுக்கும் கார்க் கடனுக்கும் 45 நாளுக்குள் எத்தனை பேர் எட்டிப் பார்த்தாலும் ஒரே விசாரணையாக எண்ணுகிறது. அதன் புதிய கணக்கு முறைகளில் அப்படி. இங்கே அறிக்கையில் என் நாலு கொசுவும் நாலு வரியில் தனித்தனியாக நிற்கின்றன.

இன்னொரு கணக்கும் உண்டு. பத்து நிதியாண்டுகளில் வங்கிகள் ஏட்டிலிருந்து நீக்கிய வாராக்கடன் 16.35 லட்சம் கோடி ரூபாய். 2025-இல் நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. “இது தள்ளுபடி அல்ல, ஏட்டிலிருந்து எடுத்திருக்கிறோம், அவ்வளவுதான், வசூல் தொடரும்” என்று உடனே விளக்கமும் வரும். சரி, ஒப்புக்கொள்கிறேன். 16 லட்சம் கோடியை ஏட்டிலிருந்து எடுக்கத் தெரிந்த ஊரில், ஒரு ஸ்கூட்டருக்காக விழுந்த நாலு வரியை எடுக்க ஆளில்லையா? அதில் பெருங்கடன் வாங்கிய முதலாளிகள் எத்தனை கதவைத் தட்டினார்கள் என்று எவன் எண்ணினான்? கதவே அவர்கள் வீடு தேடிப் போயிருக்கும்.

2025-இல் மகாராஷ்டிரத்தின் மூர்த்திசாபூரில், மாப்பிள்ளையின் சிபில் மதிப்பெண் மோசம் என்று பெண் வீட்டார் கல்யாணத்தையே நிறுத்தியதாகச் செய்தி வந்தது. திண்ணையிலிருந்து கணினிக்குப் போன பேச்சு, சுற்றிக்கொண்டு கல்யாணப் பந்தலுக்கே வந்து சேர்ந்துவிட்டது. இந்த முறை மாப்பிள்ளை கையில் தட்டு.

கேட்டவனுக்குப் புள்ளி குறைப்பீர்கள். சரி, ‘இல்லை’ என்று சொன்ன வங்கிக்கு? ஒரு ஓடிபியை நாலு இடத்துக்கு விற்ற மேசைக்கு? அவர்களுக்கு 300-உம் இல்லை, 900-உம் இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கிறது. இன்றைக்கு இது மூன்றாவது. “சார், உங்களுக்கு ப்ரீ-அப்ரூவ்டு லோன் இருக்கு, ஒரே ஒரு ஓடிபி மட்டும்...”

பஜ்ஜிக்கு எண்ணெய் வைக்கச் சொல்கிறார்கள்.