மாவு பொங்கும் இடத்தில் ஒரு வரி

(கோவை கணபதியில் ஒரு வெட் கிரைண்டர் பட்டறை. கல் கொத்தும் சத்தத்துக்கு நடுவே லேப்டாப்பைத் திறக்கிறார் லிங்க்காரர்.)

லிங்க்காரர்: மூணே மாசம் ஐயா. ‘வெட் கிரைண்டர்’னு கூகுள்ல யார் தட்டினாலும் முதல்ல நம்ம பேருதான். 5,000 பேக்லிங்க் போட்டுத் தர்றேன்.

முதலாளி: இப்ப எங்கீங்க இருக்கோம்?

லிங்க்காரர்: ஏழாவது பக்கம்.

முதலாளி: அங்க கூட்டமே இருக்காதே, நிம்மதியா இருக்கலாமுங்க.

லிங்க்காரர்: விளையாடாதீங்க ஐயா. 1998-ல லாரி பேஜும் செர்கே பிரின்னும் ஸ்டான்ஃபோர்டுல எழுதினதே இதைத்தான். எத்தனை பேர் உங்க பக்கத்துக்கு லிங்க் குடுக்கிறாங்க, குடுக்கிறவங்களுக்கு என்ன மதிப்பு, அதை வச்சுத்தான் உங்க மதிப்பு. பேஜ்ரேங்க்னு பேரு.

முதலாளி: நாலு பேரு நல்லவிதமாச் சொன்னா பொருள் நல்லது. நியாயந்தானுங்க. அந்த நாலு பேரு யாருங்க?

லிங்க்காரர்: லிஸ்ட் இருக்கு, பாருங்க. இது டிஏ 70. இது 72.

முதலாளி: டிஏன்னா கவர்மெண்ட்ல ஏத்துவாங்களே, அதுங்களா?

லிங்க்காரர்: டொமைன் அதாரிட்டி ஐயா. நூத்துக்குப் போடற மார்க்கு.

முதலாளி: கூகுள் போடுதுங்களா?

லிங்க்காரர்: இல்ல, மோஸ்னு வேற கம்பெனி. கூகுள் அதைப் பாக்கறதில்ல. ஆனா எங்க கிளையண்ட் எல்லாரும் பாக்கறாங்க.

முதலாளி: (கண்ணாடியை மாட்டிக்கொண்டு லிஸ்டில் உள்ள ஒரு பக்கத்தை வாசிக்கிறார்) ‘உங்கள் பூனைக்கு முடி கொட்டினால் கவலை வேண்டாம். நல்ல உணவு கொடுங்கள், கோயம்புத்தூரின் சிறந்த வெட் கிரைண்டர் வாங்குங்கள், பிறகும் கொட்டினால் மருத்துவரிடம் காட்டுங்கள்.’ தம்பி, பூனையை எதுல போடச் சொல்றீங்க?

லிங்க்காரர்: அதை மனுசன் படிக்க மாட்டான் ஐயா. மெஷினுக்காக எழுதினது.

முதலாளி: மெஷினு நம்புமுங்களா?

லிங்க்காரர்: நம்பாமலா? அமெரிக்காவுல ஜே.சி. பென்னி எவ்வளவு பெரிய கடை! சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கத்துல லிங்க் இருந்துச்சு. படுக்கை விரிப்பு, உடுப்பு, சூட்கேஸ், எதைத் தேடினாலும் அவங்கதான் முதல்ல.

முதலாளி: இப்பவுமுங்களா?

லிங்க்காரர்: (குரல் இறங்கி) 2011 பிப்ரவரியில நியூயார்க் டைம்ஸ்காரங்க கிண்டிட்டாங்க. கூகுள் இறக்கினதுல சூட்கேஸ் இரண்டே மணி நேரத்துல 71-வது இடத்துக்குப் போயிருச்சு.

முதலாளி: லிங்க் போட்டவரு?

லிங்க்காரர்: பென்னிக்காரங்க ‘எங்களுக்கு ஒண்ணும் தெரியாது’ன்னு சொல்லிட்டு, லிங்க் வேலை பாத்த ஏஜென்சியைக் கழட்டி விட்டுட்டாங்க. பாவம். அடுத்த வருசம் கூகுள் தன்னோட குரோம் பக்கத்தையே காசுக்கு எழுதின லிங்க்குக்காகக் கீழ இறக்குச்சு. அந்த ஏப்ரல்ல இந்த மாதிரி லிங்க்கைப் பிடிக்கப் பென்குயின்னு ஒரு அப்டேட் வேற விட்டாங்க. பாதிப் பேருக்குத் தூக்கமே போச்சு. எங்களுக்கு நல்ல வருமானம்.

முதலாளி: அதெப்படீங்க?

லிங்க்காரர்: போட்ட லிங்க்கை எல்லாம் எடுக்கணுமே! எடுக்கறதுக்குத் தனி ரேட்டு.

முதலாளி: ஆக, முடிச்சுப் போடவும் காசு, அவுக்கவும் காசு.

லிங்க்காரர்: காசு வேண்டாம்னா எக்ஸ்சேஞ்ச் இருக்கு. நீங்க அவருக்கு ஒண்ணு, அவர் உங்களுக்கு ஒண்ணு.

முதலாளி: மொய்யுங்களா? மொய் வச்சா சாப்பாடாச்சும் போடுவாங்க. விடுங்க தம்பி, எங்களுக்கு ஒரு லிங்க் ஏற்கெனவே இருக்குது.

லிங்க்காரர்: ஒண்ணா! (சிரிக்கிறார்) யார் குடுத்தாங்க?

முதலாளி: சிங்கப்பூர்ல ஒரு அம்மிணி. நம்மகிட்ட வாங்கின இரண்டு லிட்டர் கிரைண்டர்ல உளுந்து ஆட்டி, மாவு எப்படிப் பொங்குச்சுன்னு போட்டோ போட்டு எழுதியிருக்குது. கல்லுச் சத்தம் கொஞ்சம் ஜாஸ்தின்னு திட்டியும் இருக்குது. கடைசியில நம்ம பேரைத் தொட்டா நம்ம பக்கத்துக்கே வருது. படிச்சுட்டு மலேசியாவுல இருந்தெல்லாம் கூப்பிடறாங்க. நாங்க ஒரு பைசா குடுக்கலீங்க.

லிங்க்காரர்: (சிரிப்பு நின்றுவிடுகிறது) ஐயா, அந்தம்மா நம்பர் கிடைக்குமா? முடி எண்ணெய் கிளையண்ட் ஒருத்தர் இருக்கார். மாவு பொங்குற இடத்துல ஒரே ஒரு வரி சொருகினாப் போதும்.