முட்டைக்குள் இருந்தபடியே முதலாளி ஆவது எப்படி?

ராகலையில் இன்கியுபேட்டர் என்னும், தொழில்களை அடைகாத்துப் பொரிக்கும் பயிற்சியில் சேர்ந்து தொழில் தொடங்கி, ஒரு ரூபாய்க்கும் விற்காமல், ஆண்டுக்கணக்கில் "இளம் தொழில்முனைவர்" என்ற பட்டத்தோடு உலாவுவது லேசான வேலை இல்லை. உங்களில் பலர் இதில் ஏற்கெனவே கைதேர்ந்தவர்கள். மிச்சப் பேர் பென்சிலை எடுங்கள்.

1. பயிற்சி முடிவில் புள்ளி போட வரும் நடுவருக்குப் பிடித்த யோசனையை மட்டும் எடுங்கள். போன வருடம் செயலி, இந்த வருடம் ஏஐ. எந்த வருடமும் சோடை போகாதது "எங்கள் தோட்டத்துத் தேயிலை", தங்க நிறப் பெட்டியில். கொழுந்து கம்பனிக்குச் சொந்தம், உங்கள் வீட்டார் பறித்துக் கொடுப்பதோடு சரி என்ற சின்ன விஷயத்தைக் கடைசி ஸ்லைடு வரை வெளியே விடாதீர்கள்.

2. வாங்குகிறவரைச் சந்திக்கவே கூடாது. தப்பித்தவறி ராகலை பஸாருக்குப் போய், "முதலாளி, இந்தக் கரட் ஜாம் போத்தலை என்ன விலைக்கு எடுப்பீங்க?" என்று கேட்டுவிடாதீர்கள். அவர் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். திகதி எங்கே என்பார். மூடியைத் திறந்து விரலால் தொட்டு நக்குவார். "கொழும்புச் சாமானே இதைவிட மலிவா வருது. வச்சிட்டுப் போ, வித்தா காசு." மூன்று மாதப் பாடம் பத்தே நிமிஷத்தில் முடிந்துவிடும், பிறகு இன்கியுபேட்டர் எதற்கு? கூடப் படிக்கிறவர்களுக்கு வாட்ஸ்அப்பில் படிவம் அனுப்புங்கள். அவர்களும் உங்களுக்கு அனுப்புவார்கள். எல்லாரும் எல்லாருக்கும் "சூப்பர்" போட்டால் சந்தை ஆய்வு தயார்.

3. திட்ட அறிக்கையை ஊர் பார்க்காமல் எழுதுங்கள். மின்சாரம்: 24 மணித்தியாலமும். 2022 மார்ச் கடைசியில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் கரண்ட் போனதை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? போக்குவரத்து: ரயில் வசதி உண்டு. நானுஓயாவிலிருந்து ராகலைக்கு வந்த குட்டி ரயில் 1940களிலேயே நின்றுபோனது உண்மைதான். ஆனால் நடுவர் கொழும்பிலிருந்து வருகிறவர்.

4. இடம். இதை நிதானமாகச் செய்யுங்கள், ஒரு வருடம் வரை இழுக்கலாம். வியாபாரப் பெயரைப் பதியப் பிரதேச செயலகம் போங்கள். காணி உறுதி, இல்லாவிட்டால் உரிமையாளரின் சம்மதக் கடிதம் கேட்பார்கள். உங்கள் தாத்தா பிறந்த லயக் காம்பராவுக்கு உறுதி ஏது? 1992இல் தோட்ட நிர்வாகம் கம்பனிகளின் கைக்குப் போனபோது அந்தக் காம்பராவும் சேர்ந்தே போனது. ஆகவே தோட்டத் துரையிடம் கடிதம் கேளுங்கள். துரை மேலிடத்தைக் கேட்க வேண்டும் என்பார். மறுகிழமை போனால் துரை இல்லை என்பார் கிளாக்கர். அதற்கடுத்த கிழமை கிளாக்கர் இருக்க மாட்டார்.

இடம் கொடுத்தே பேர் வாங்கியவரும் உண்டு. 1959இல் அமெரிக்காவின் படேவியா ஊரில் ஜோசப் மன்குசோ என்றொருவர், மூடிக்கிடந்த தொழிற்சாலையைத் துண்டு துண்டாகச் சிறு தொழில்காரருக்கு வாடகைக்கு விட்டார். கோழிக்குஞ்சுக் கம்பனி ஒன்றும் குடிவந்தது. உலகின் முதல் தொழில் இன்கியுபேட்டர் அதுதான் என்கிறார்கள். பாவம், மனிதர் எடுத்த எடுப்பிலேயே இடத்தைக் கொடுத்துவிட்டார். நம்முடைய நிகழ்ச்சிகளில் அந்தத் தவறு நடக்காது. கோப்பு தருவார்கள், ஊக்கம் தருவார்கள், பகல் சோறும் தருவார்கள். அடுப்பு வைக்க ஓர் அறை கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

5. பணம். வங்கி இரண்டு அரசாங்க உத்தியோகத்தரின் பிணை கேட்கும். உங்கள் லயத்தில் அப்படி இரண்டு பேர் இருந்தால் நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள். அம்மாவின் பெயரில் கிழமைக் கடன் எடுங்கள். முதல் வேலையாக பேனர் அடியுங்கள், லோகோ போடுங்கள். ஜாம் மூன்று மாதத்தில் வரும், தவணை அடுத்த கிழமையே வரும். அம்மா பார்த்துக்கொள்வார்.

6. சான்றிதழ் கைக்கு வந்ததும் ஹட்டனில் அடுத்த நிகழ்ச்சிக்கு விண்ணப்பியுங்கள். "தொழில் எப்படிப் போகுது தம்பி?" என்று யாராவது கேட்டால், "பைப்லைன்ல இருக்கு மாமா." தண்ணிப் பைப் என்று நினைத்து அதற்குமேல் கேட்க மாட்டார்.

7. சம்பள நாளில் ஸ்டோர் வாசலில் வடை விற்கும் அக்காவை அறிக்கையில் சேர்க்காதீர்கள். பயிற்சி இல்லை, பதிவு இல்லை, சட்டி காலியாகித்தான் வீட்டுக்குப் போகிறார், புள்ளிவிவரம் கெட்டுவிடும். வேண்டுமானால் அவருக்கு லோகோவின் அவசியத்தை விளக்குங்கள். இரண்டு தடவை விளக்கினால் நீங்களே பயிற்றுவிப்பாளர். அந்த வேலைக்கு உறுதியும் வேண்டாம், துரையின் கடிதமும் வேண்டாம், பஸ் காசும் தனியாகத் தருவார்கள்.