கரிகாலன் கொலை வழக்கு

சோழ இளவரசன் ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? சதுரங்கப்பட்டினத்து டச்சுக் கோட்டைப் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். கல்கி 'பொன்னியின் செல்வன்' நாவலை 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதியும் முடிச்சை முழுசாக அவிழ்க்கவில்லை. வழக்கை வாசகர்களே நடத்துகிறார்கள். நந்தினிதான் என்பார் ஒரு பெரியவர். பெரிய பழுவேட்டரையரே ஒப்புக்கொண்டாரே என்பார் இன்னொருவர். உடையார்குடிக் கல்வெட்டில் ரவிதாசன் பெயர் இருப்பதை யாராவது நினைவூட்டினால், "தம்பி, நீங்க நாவலைப் படிக்கல போல" என்று இருவரும் ஒரே கட்சி ஆகிவிடுவார்கள். 2022-ல் படம் வந்ததிலிருந்து, ஐந்து பாகத்தை இரண்டு சினிமாவில் முடித்தவர்களும் சேர்ந்தாயிற்று. சத்தம் அவர்களுடையதுதான் அதிகம்.

சாண்டில்யன் அணி தனி. "எங்க கடல் புறாவுல கப்பலாவது ஓடும்" என்பது வாதம். ஓடும்தான், நாயகியை வருணித்து முடித்த பிறகு.

மாமல்லபுரம் போனால் 'சிவகாமியின் சபதம்' கட்சி. அதில் வரும் ஆயனச் சிற்பி வெறும் கற்பனை என்று சொல்லிவிட்டு அங்கே ஒரு இளநீர் குடித்துவிட முடியாது. இங்கே கோட்டைக்குள் டச்சுக்காரர்கள் நிஜமாகவே செத்து, செதுக்கிய கல்லறைகளின் கீழ் கிடக்கிறார்கள். எப்படிச் செத்தார்கள் என்று டீக்கடையில் ஒருவரும் கேட்பதில்லை.